வராதவனின் நிரை

பூட்டியிருந்த இரும்புக் கதவுக்கு முன்னால் அம்மாவும் மகளும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.

ஈப்போவில் இன்னும் சரியாக விடியவில்லை. மோட்டார் சைக்கிளுக்கும் லாரிக்கும் தவணைக் கடன் கொடுக்கும் அந்த நிறுவனம் எட்டரைக்குத்தான் திறக்கும்.

ஒட்டினாற்போல் இருந்த கடையின் ஐந்தடி நடைபாதையில் நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அது எழுபத்தொன்பதாம் வருடம்.

ரொட்டி சானாய் போடும் மாயாண்டி அண்ணன் மாவை வீசியபடியே அவர்களைச் சீண்டினார். "என்னக்கா, பைனான்ஸ் வாசல்ல பெரட்டா? கிராணி இன்னும் வரலலா!"

எனக்கும் சிரிப்பு வந்தது. ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிட, ஆட்கள் வரிசையில் நிற்பார்களே, அதுதான் பெரட்டு. என் அம்மாவும் அப்படித்தான் நின்றாள். கைகளைக் கட்டி, குதிகால்களைச் சேர்த்து.

இந்த அம்மாவும் அப்படியே நின்றாள்.

"வேல கேக்குறவ வெயில் ஏறி வந்தா யாரு தம்பி குடுப்பா? போன வாரம் பூரா இவ பத்து மணிக்குப் போயி நின்னுருக்கா. வெரட்டி வுட்டானுங்க."

"யம்மா, இது தோட்டம் இல்லம்மா," என்றாள் மகள், தரையைப் பார்த்தபடி.

"எல்லாம் தோட்டந்தான்டி. தொரைக்கு சட்டதான் வேற."

அடுத்த அரை மணி நேரத்தில், அம்மா மாயாண்டி அண்ணனிடம் சொன்னதிலிருந்து எனக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம். அம்மா பெயர் செல்லாயி. மகள் நவமணி கல்லூரியில் கணக்கியல் படிக்கிறாள், முதல் வருடம். இந்த விடுமுறையில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பழகவேண்டும். கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்: கடைசி வருடத்தில் வா.

ஆனால் கடைசி வருடம் வரை அவளைப் படிக்க விடுவார்களா என்பதுதான் கேள்வி. கமுந்திங்கில் இருக்கும் தாய்மாமன் நூல் ஆலை ஒன்றில் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார். படிப்பு அலுவலகத்தில் கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த விடுமுறைக்குள் ஓர் அடையாளம் காட்டாவிட்டால், அடுத்த மாதம் அவள் ஆலையில்.

மேலாளர் வந்தார். அரைக்கைச் சட்டை போட்ட சீனர், கையில் சாவிக்கொத்து. செல்லாயி இன்னும் நிமிர்ந்தாள்.

அவர்கள் மலாயில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"எத்தனாவது வருஷம்?"

"மொத வருஷம்," என்றாள் நவமணி.

அவர் தலையை ஆட்டினார். கடைசி வருடத்துக்காரர்களைத்தான் எடுப்பது வழக்கம். இருப்பதும் ஒரே நாற்காலி. அதற்கும் ஒரு பையன் இன்றைக்கு வருகிறான்.

"வரட்டும் தவுக்கே," என்று முதலாளியை அழைப்பதுபோல் சொன்னாள் செல்லாயி. "வந்தா நாங்க போயிடுறோம். வராட்டி அவன் நெரைய இவளுக்குக் குடுங்க."

நிரை என்பதற்கு அவளிடம் மலாய்ச் சொல் இல்லை. அது என்னவென்று அவர் கேட்டார். அவள் நடைபாதைத் தூண்களை ஒவ்வொன்றாகக் கைகாட்டினாள். இதெல்லாம் ரப்பர் மரம். இந்த வரிசை ஒருத்தன் வெட்டவேண்டியது. அவன் வரவில்லை என்றால், பெரட்டில் மிச்சம் நிற்கிற ஆளுக்கு அன்றைக்கு அந்த நிரை.

"மரம் பால வச்சிக்கிட்டு சும்மா நிக்கலாமா, தவுக்கே?"

அவர் தூண்களைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். எட்டரை வரை பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் கதவை மேலே தள்ளினார்.

எட்டரைக்கு வெளியே வந்து சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். நான் குனிந்து ரொட்டியைப் பிய்த்தேன்.

அவர் நவமணியைப் பார்த்து விரலை அசைத்து உள்ளே கூப்பிட்டார்.

"போ. குனிஞ்சு நிக்காத," என்று மகளின் முதுகில் கைவைத்துத் தள்ளினாள் செல்லாயி.

அதன் பிறகுதான் அவள் வாசலை விட்டு நகர்ந்தாள். என் மேசையிலேயே வந்து உட்கார்ந்தாள். ஒரு தேநீர் சொன்னாள்.

"வராத புள்ள யாரு பெத்த புள்ளையோ தம்பி. அது எங்க இருந்தாலும் நல்லாருக்கணும்."

நான் தலையசைத்தேன்.

நான்கு வருடம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில் நவமணியை மறுபடி பார்த்தேன். அதற்கடுத்த வருடம் செல்லாயி எனக்கு அத்தை ஆனார். நவமணி அந்த நிறுவனத்திலேயே கிளை மேலாளர் வரை உயர்ந்தாள். தீபாவளிக்கு வீடு நிறைந்துவிட்டால் இந்தக் கதையை எடுத்துவிடுவாள். "அந்தச் சோம்பேறி மட்டும் ஒழுங்கா எந்திரிச்சு வந்திருந்தான்னு வைங்க, நான் கமுந்திங்ல நூல் சுத்திக்கிட்டு இருப்பேன்லா!" பிள்ளைகள் சிரிப்பார்கள். எல்லாரையும் விட நான்தான் அதிகம் சிரிப்பேன்.

நவமணி போய்ச் சேர்ந்து இந்த மாசியோடு ஒரு வருடம். போன தீபாவளிக்கு மகள் கேட்டதால் நானே அதைச் சொன்னேன், அவள் சொல்கிற மாதிரியே.

எழுபத்தொன்பதில் அந்தக் காலை, அத்தை பேருந்துக்குப் போகும் வரை மாயாண்டி அண்ணன் மாவைத்தான் வீசிக்கொண்டிருந்தார். பிறகு கரண்டியும் கையுமாக என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, அந்தக் கடைசி வருசத்துப் பையன் நீதானே? அங்க வேலைக்குப் போறேன்னுதானே விடியறதுக்குள்ள வந்து உக்காந்த?"

நான் டையைக் கழற்றி, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"ஆள் வந்தாச்சுண்ணே," என்றேன். "இன்னொரு ரொட்டி போடுங்க."