ஹெல்காவின் குடும்பம்

ஹெல்கா பேசினால் ஜெர்மன் வந்தது. அவள் பேசினால் வரவில்லை.

ஹெல்காவும் அவளும் ஒருத்திதான்.

கோவையில் அந்த ஜெர்மன் வகுப்புக்கு வந்த பதினொரு நர்ஸ்களுக்கும் முதல் நாளே சார் ஆளுக்கொரு ஜெர்மன் பெயர் கொடுத்துவிட்டார்.

“வேற ஆளா நெனச்சுப் பேசுங்க. தப்பு வந்தா அது அந்த ஆளோட தப்பு. கூச்சம் தானா போயிரும்.”

போகத்தான் செய்தது. ஹெல்காவுக்குக் கணவன் ஃப்ராங்க், இரண்டு பிள்ளைகள், ஏரிக்கரையில் வீடு. எல்லாம் பயிற்சிக்காக அவளே கட்டியது.

“ஏட்டி ஹெல்கா, ஒம் புருஷன் இன்னைக்காவது பாத்திரம் கழுவுனாராட்டி?” என்பாள் அறைத்தோழி ஜெபசெல்வி.

கழுவினார், இரண்டு தட்டை உடைத்தார் என்று ஹெல்கா ஜெர்மனில் சொல்வாள். வகுப்பே சிரிக்கும்.

தேர்வில் மட்டும் சொந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். இசக்கித்தாய்.

பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாம் முறையும் தோற்றால் ஜெர்மனியில் காத்திருக்கும் வேலை போய்விடும்.

காய்ச்சல் எதனால் என்று பார்ப்பதைப் போல, ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள்.

ஜெபசெல்வியைத் தேர்வாளராக எதிரே உட்காரவைத்தாள். ஹெல்கா பேசினாள். கடிகாரம் வைத்தாள். அப்போதும் பேசினாள்.

ஆகவே காரணம் பயம் இல்லை.

சொந்தப் பெயரைச் சொல்லி ஆரம்பித்தாள். வார்டைப் பற்றிக் கேட்டபோது பேச முடிந்தது. சமையலைப் பற்றியும் முடிந்தது.

ஆகவே பெயரும் இல்லை.

ஜெபசெல்வி அடுத்த கேள்வியைக் கேட்டாள். உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

ஹெல்காவின் பிள்ளைகள் ஹெல்காவோடு இருந்தார்கள். ஒன்பது மாதமாகப் பழகிய வாக்கியங்கள் எல்லாம் அந்த ஏரிக்கரை வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

சொந்த ஊரான ஏரலில், அக்கா வீட்டில் விட்டுவந்த நான்கு வயது மகளுக்கு அதில் ஒரு வாக்கியம்கூட இல்லை.

மகளை விட்டுவிட்டுப் போகப்போவதைத் தமிழிலும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகளிடமும்.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்றாள்.

“சார், இனிமே என்னைய எம் பேரச் சொல்லியே கூப்புடுங்க. வீட்டப் பத்திக் கேளுங்க.”

 சார் ஜெர்மனில் கேட்டார்.

அவளும் ஜெர்மனில், மெதுவாகச் சொன்னாள்.

என் பெயர் இசக்கித்தாய். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளை நான் ஜெர்மனிக்குக் கூட்டிப்போகப் போவதில்லை.

யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த கேள்விக்குத் தடையில்லாமல் பதில் வந்தது. அதற்கடுத்ததற்கும்.

இடைவேளையில் ஏரலுக்குப் போன் செய்து, மகளிடம் கொடுக்கச் சொன்னாள்.