எழும்பாத கட்டி

குடலில் இருக்கும் கட்டி பெரியது, வயிற்றைத் திறந்து குடலில் அந்தப் பகுதியையே வெட்டிவிடலாம் என்று முதல் டாக்டர் சொன்னதும், சவரிமுத்து சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் வெளியே வந்துவிட்டார். இரண்டாவது டாக்டர், கத்தியில்லாமல் முயன்று பார்க்கலாம் என்றார். பின்வழியாகக் குழாயை விட்டு, கட்டிக்கு அடியில் மருந்து ஏற்றுவார். கொப்புளம்போல அது எழும்பினால் கம்பி வளையத்தால் அறுத்து எடுத்துவிடலாம். எழும்பாவிட்டால், ஆழமாக வேர் விட்டிருக்கலாம்.

சவரிமுத்துவை அந்தச் சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோனதிலிருந்து மனைவி பிலோமினாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே டாக்டர் வெளியே வந்தார்.

"எழும்பலம்மா. இதுக்கு மேல தொட்டா குடல் ஓட்டையாயிரும். நிறுத்திட்டேன். ஆபரேஷன்தான் பண்ணணும்."

மயக்கம் தெளிந்த சவரிமுத்து போர்வையை விலக்கி வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பாத்தியாட்டி, ஒரு கீறல் இல்ல. வீட்டுக்குப் போவமா?"

"எடுக்க முடியலையாம்ங்க. வயித்தத் திறக்கத்தான் வேணுமாம்."

சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றது. கை மட்டும் வேகமெடுத்தது. பிலோமினா அதை அழுத்திப் பிடித்தாள். அவள் கையையும் சேர்த்துக்கொண்டு அது வயிற்றைத் தடவியது.