பவுண்டுக்கு வந்த மாண்டெஸ்கியூ

"சட்டம் போட்டது நீங்க, ஆட்டைப் புடிச்சு அடைச்சது நீங்க, தீர்ப்புச் சொல்லப்போறதும் நீங்களா? இது என்ன நியாயம் அண்ணாச்சி?"

ஊர்ப் பவுண்டின் வாசலில் நின்று பூவனநாதன் கேட்டார். பயிரில் மேய்ந்த ஆடுகளை அடைக்கும் கல் தொழு அது. 1998 மார்கழியில் ஒரு நாள், முத்துத்தாயின் ஆறு ஆடுகள் காலையிலிருந்து தண்ணீர் இல்லாமல் உள்ளே கத்திக்கொண்டிருந்தன. அதில் ஒன்று நிறைசினை.

ஊர்த்தலைவர் சாமித்துரை சாவியும் கையுமாக விழித்தார். அவருடைய சட்டம் ஒரே வரிதான்: பயிரில் மேய்ந்தால் புஞ்சைக்காரருக்கு ஓர் ஆடு. போட்டு ஏழு வருஷமாகியும் ஒரு குட்டிகூடக் கைமாறியதில்லை. யாராவது கண்ணைக் கசக்கினால் போதும், நன்றாக ஏசிவிட்டுத் திறந்துவிடுவார்.

"இப்பவும் திறந்துதான் விடப்போறேன். தம்பிக்கு என்ன கொறை?"

"அழுதாத் திறப்பீய. அழத் தெரியாதவ என்ன செய்வா? ஏழைபாழைக உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே பொழைக்கணுமா?"

பூவனநாதன் கோவில்பட்டி டுடோரியல் ஒன்றில் அரசியல் பாடம் நடத்துகிறவர். குரல் ஏறினால் இறங்காது.

"சட்டம் போட ஒருத்தர், நடத்த ஒருத்தர், தீர்ப்புச் சொல்ல ஒருத்தர். மூணும் ஒரே கையில இருந்தா எவனுக்கும் சுதந்திரம் கெடையாதுன்னு இருநூத்தம்பது வருசத்துக்கு முன்னாலயே மாண்டெஸ்கியூ எழுதி வச்சிட்டாரு!"

"அவிய எந்த ஊரு?" என்றார் சாமித்துரை.

"பிரான்சு."

"அங்கன வெள்ளாடு உண்டுமாய்யா?" என்று கேட்டாள் முத்துத்தாய். ஆனாலும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு படித்தவர், கோவில்பட்டி பஸ்ஸைக்கூட விட்டுவிட்டுத் தனக்காகத் தொண்டை கிழியப் பேசுகிறாரே!

கூட்டமும் தலையாட்டியது. பிரான்சே சொன்ன பிறகு சாமித்துரை என்ன செய்வார்? சட்டம் மட்டும் தன்னிடம், சாவி மச்சினன் வேல்சாமியிடம், தீர்ப்பு பூவனநாதனிடம் என்று ஒப்புக்கொண்டார்.

பூவனநாதன் கல்லின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

"ஆடு மேஞ்சுதா?"

"மேஞ்சிட்டுய்யா. கோவில்பட்டி மொதலாளியோட உளுந்துல. அவிய இந்தப் பக்கம் எட்டிப் பாத்தே ரொம்ப நாளாச்சு."

"அதெல்லாம் கோர்ட்டுக்குத் தேவையில்ல. மேஞ்சது உண்மை. சட்டப்படி ஒரு ஆடு. அந்த நிறைசினையப் புடிச்சுட்டு வாங்க."

முத்துத்தாய் சாமித்துரையிடம் ஓடினாள்.

"அய்யா, நீங்களாச்சும் சொல்லுங்க. அது இன்னைக்கோ நாளைக்கோ ஈனப்போகுது!"

"நான் சட்டத்தோட சரி தாயி. விடுன்னு சொல்ல எனக்கு இப்ப அதிகாரமில்ல." அவருக்கே அழுகை வந்துவிட்டது.

வேல்சாமியைக் கும்பிட்டாள்.

"தீர்ப்புல சொன்னதத்தான் நான் செய்ய முடியும்," என்றபடி அவர் ஆட்டைக் கயிறு போட்டு இழுத்து வந்தார்.

சாமித்துரைக்கு ஒரு யோசனை தோன்றியது.

"மொதலாளி கோவில்பட்டியில பங்களால இருக்காவ. இத அங்கன யாரு கொண்டுபோய்ச் சேக்குறது? அவிய வந்து கேக்குற வரைக்கும் முத்துத்தாயிகிட்டயே நிக்கட்டுமே!"

பூவனநாதன் எழுந்துவந்து கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"அம்புட்டுத் தூரம் எதுக்கு அண்ணாச்சி? அந்தப் புஞ்சைய வெள்ளாமையோட சேத்துப் போன வாரமே நான் கிரயம் முடிச்சிட்டேன்."