கடலுக்கு ஒரு நாள்

"ஈஸ்ற்ஹாமில பெரியம்மா, ஹரோவில மாமா. ஒரு வீட்டை விட்டாலும் கோவிப்பினம்," என்கிறாள் யோகராணி. டோர்செட் பார்க் அடுக்குமாடியின் ஜன்னலில் பனி உருகி வழிகிறது. மாசிக் குளிரில் விமான ரிக்கற் மலிவு என்பதால் தாயும் மகளும் முதன்முதலாக லண்டன் போகிறார்கள், ஒரேயொரு கிழமை. மொழிபெயர்ப்பு நாவல்களில் வாசித்த, லண்டனுக்கு அப்பாலுள்ள சாம்பல் நிறக் கடற்கரையை மகள் துஷ்யந்தி வரைபடத்தில் விரலால் தொட்டுக்கொண்டிருக்கிறாள். உறவினருக்கான சேலைகள் நிரம்பிய பெட்டியை அம்மா முழங்காலால் அமுக்குகிறாள். மகளின் தடித்த சப்பாத்துக்கு அதில் இடமில்லை. "உது என்னத்துக்கு? வீட்டுக்கு வீடு காரிலதானே ஏத்தி இறக்குவினம்." "கடல் பாக்க ஒரு நாள் வேணும் அம்மா." "கடற்கரையில எங்களுக்கு ஆர் இருக்கினம்?" வெளியே பனி வழிக்கும் வண்டி சுரண்டிக்கொண்டு போகிறது. துஷ்யந்தியின் குரல் இறங்குகிறது. "ஒரு பின்னேரமாவது என்னைத் தனிய விடுங்கோ."