கயிற்றில் ஓர் இடம்

கொட்டியாரக் குடாவில் காலை வெயில் ஏறுகிறது. கரைவலைக் கயிற்றைப் பிடித்தபடி ஆட்கள் வரிசையாகப் பின்னோக்கி நடக்கிறார்கள். "இடமில்லை தம்பி, வேற வலையைப் பாரும்," என்கிறார் அலையோரம் முதல் ஆளாக நிற்கும் பேணாட். "நான் கடைசியிலை பிடிக்கிறன் அண்ணை," என்று சம்பூரிலிருந்து வந்த தவராசா மணல்மேட்டுப் பக்கம் போய்க் கயிற்றைப் பிடிக்கிறான். ஒருவரும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. அவனுக்கு அவசரமில்லை, கயிற்றின் வழக்கம் தெரியும். மேட்டை எட்டும் கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு இறங்கி, கடலுக்குள் முதல் ஆளாகப் பிடிக்கவேண்டும். முதல் ஆள்தான் அம்பாப் பாட்டைத் தொடங்கவேண்டும்; மற்றவர்கள் பதிலடி பாடி இழுப்பார்கள். இப்போது முழங்கால் நீரில், பேணாடுக்கு முன்னால் அவன் நிற்கிறான். குரலெடுக்கிறான். பதில் இல்லை. ஈரக் கயிறு கைகளுக்குள் அசையாமல் கிடக்கிறது. அவன் அதே அடியை மறுபடி படிக்கிறான். "உரத்துப் படியும் தம்பி," என்கிறது முதுகுக்குப் பின்னால் பேணாடின் குரல், "மேட்டிலை நிக்கிறவங்களுக்கும் கேக்கவேணும்." அவன் உரத்துப் படிக்கிறான். வரிசை முழுவதும் பதில் சொல்லி இழுக்கிறது.