எதிர்வூட்டுக் கண்ணு

சுகுமாரின் புது பிக்கப் வண்டி முகப்பில் மறுபடியும் பெயிண்ட் பெயர்ந்திருந்தது.

"அலுமினியம் பாடி, துருவே புடிக்காதுன்னாங்க. பெயிண்ட் நிக்கலியே நைனா!" என்று உத்திரமேரூர் பெயிண்டர் ஏகாம்பரத்திடம் குமுறினான்.

"எதுவோ இடிச்சிக்கினே கீதுபா."

"இன்னா இடிக்கும்? எல்லாம் எதிர்வூட்டு ராஜாராம் கண்ணு. காலையில எழுந்ததும் வண்டியத்தான் பாக்கறாரு. மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டேன்."

"அப்புறம்?"

"இப்பல்லாம் தலையக் குனிஞ்சிக்கினு போறாரு. அப்பவும் பெயருது!"

ஏகாம்பரம் மூன்றாவது தடவையாகப் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, காயவைத்துக் கொடுத்தார்.

கிளம்பும் முன் சுகுமார் சீட்டுக்கடியிலிருந்து இரண்டு பெரிய குதிரை லாடங்களை எடுத்து, வண்டி முகப்பில் கருப்புக் கயிற்றால் தொங்கவிட்டான்.

"இது இன்னாபா?"

"திருஷ்டிக்கு நைனா. கோயில்ல பூஜை பண்ணது. பெயிண்ட் படக்கூடாதுன்னு இங்க வர்றப்பல்லாம் கழட்டிருவேன். வண்டி வாங்கின அன்னிக்கே ஒண்ணு கட்னேன். பெயிண்ட் போவவே, பத்தலன்னு இன்னொண்ணும் சேத்துட்டேன்."

வண்டி பட்டறை வாசல் பள்ளத்தில் இறங்கியது. லாடங்கள் இரண்டும் ஆடி, 'டங், டங்' என்று புதுப் பெயிண்டில் மோதின.

ஏகாம்பரம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வண்டிய நிறுத்துபா! மொதல்ல போயி அந்த ராஜாராமைத் தலை நிமுந்து நடக்கச் சொல்லு!"