மேலாளரின் கட்டைவிரல்

"என்னையே யாருன்னு கேக்குதும்மா உன் மெஷின்! இந்தக் கம்பெனிக்காக உழைச்சே தேஞ்சு போனவன் நான்!"

மேலாளர் கட்டைவிரலைக் கைக்குட்டையில் துடைத்து மறுபடியும் அழுத்தினார். பத்திர அறைக் கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் ஒருவருக்காக மட்டுமே திறக்க வேண்டிய கதவு அது.

மெஷின் கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள்.

"இது ரெண்டு விதமாத் தப்பு பண்ணலாம் சார். நம்ம ஆளை வெளியே நிறுத்தும். இல்லன்னா வெளியாளை உள்ளே விடும். கெடுபிடியைக் குறைச்சா முதல் தப்பு குறையும், ரெண்டாவது கூடும்."

"முதல் தப்பைக் குறை. ரெண்டாவது வாட்ச்மேன் பாடு."

எவ்வளவு பரந்த மனசு!

பக்கத்தில் உதவியாளர் மேலாளரின் பையும் குடையுமாக நின்றிருந்தார். மேலாளருக்காக அறிக்கை எழுதுவது, கூட்டத்துக்குப் போவது, அவர் மனைவியின் பிறந்தநாளை ஞாபகம் வைத்துக்கொள்வது எல்லாம் இவர்தான். கோபப்படுவதை மட்டும் மேலாளர் தானே பார்த்துக்கொள்வார்.

"சார், ஒரு விஷயம்..."

"நீ சும்மா இருய்யா!"

அவள் கெடுபிடியைக் குறைத்தாள். சிவப்பு. இன்னும் குறைத்தாள். சிவப்பு. தண்ணீர் கேன் போட வந்தவர் விளையாட்டாக விரல் வைத்தார், கதவு திறந்துகொண்டது.

"பாத்தியா, ஓட்டை மெஷின்!" என்று மேலாளர் குதித்த நேரத்தில் கம்பெனித் தலைவரே வந்துவிட்டார்.

"ஒரு வாரமா புகார் மேல புகார். இன்னைக்கு முடிவு கட்டிடுவோம். பழைய கெடுபிடியையே வைம்மா." உதவியாளர் பக்கம் திரும்பினார். "நீங்க விரல் வைங்க. உங்களுக்கும் திறந்துதுன்னா மெஷினைக் கழட்டி அனுப்பிடலாம்."

அவள் கெடுபிடியைப் பழையபடியே வைத்தாள். மெஷின் போனால் அவள் வேலையும் போகும்.

உதவியாளர் தயங்கித் தயங்கி விரலை வைத்தார்.

பச்சை. "வணக்கம், மேலாளர் அவர்களே!" என்றது மெஷின்.

"கழட்டு!" என்று மேலாளர் கத்தினார்.

"மெஷின் மேல தப்பில்ல சார்," என்றார் உதவியாளர் மெதுவாக. "ரேகை பதியற அன்னைக்கு, 'எனக்கெங்கய்யா நேரம், எனக்குப் பதிலா நீயே வச்சுட்டு வா'ன்னு நீங்கதானே அனுப்பினீங்க?"

தலைவர் கதவைப் பிடித்துக்கொண்டு உதவியாளரைப் பார்த்துச் சிரித்தார். "மெஷின் சரியாத்தான் சொல்லுது. உள்ள வாங்க, மேனேஜர்!"